நம் யூரியா எங்கே போகிறது என்று முதலில் கண்டவர்

கும்மிடிப்பூண்டி செல்லும் மின்சார ரயிலில் எப்போதாவது போயிருப்பீர்கள். திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம், எண்ணூர் எல்லாம் தாண்டியதும் ரயில் கொசஸ்தலை ஆற்றுப் பாலத்தில் ஏறும். ஜன்னலோரம் இருப்பவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். அழுகிய முட்டை வாடை. தொழிற்சாலைகள்தான் காரணம் என்று ரயிலில் பேசிக்கொள்வார்கள். ஆலைகளுக்கும் அதில் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஒரு பகுதி வாடை சேற்றுக்கே சொந்தம். கழிமுகத்தில் இறங்கிக் கையால் துழாவி இறால் பிடிப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். காலை ஊன்றி எடுத்தால் குமிழி வரும். குமிழியோடு வாடையும் வரும்.

நான் திருவொற்றியூரில் வளர்ந்தவன். சிறு வயதில் அந்தக் கறுப்புச் சேற்றைச் செத்த மண் என்றுதான் நினைத்திருந்தேன். வேளாண்மை படிக்கப் போன பிறகுதான் தெரிந்தது, நம் நெல் வயலின் அடிச் சேறும் அதே ஜாதி என்று. இரண்டிலும் வேலை செய்வது ஒரே வகை உயிர்கள். அவற்றின் வாழ்க்கையைக் கண்டுபிடித்தவர் ஒரே மனிதர். செர்கெய் வினோகிராட்ஸ்கி என்று பெயர். நுண்ணுயிரியல் படித்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த பெயர். விவசாயிகளுக்குத்தான் யாரும் சொல்லவில்லை. மூட்டை மூட்டையாக யூரியா வாங்கும் நீங்கள்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவர்.

அவர் கண்ட உயிர்கள் பாக்டீரியாக்கள். நம் உடலின் செல்லிலும் நெற்பயிரின் செல்லிலும், ஏன், ரொட்டி மாவைப் பொங்க வைக்கும் ஈஸ்ட் செல்லிலும்கூட, கரு என்று ஒரு தனி அறை இருக்கிறது. மரபுப் பொருள் அந்த அறைக்குள் பத்திரமாக இருக்கும். பாக்டீரியாவுக்கு அந்த அறை கிடையாது. சமையல், படுக்கை, பூஜை எல்லாம் ஒரே அறையில் நடக்கும் சின்ன வீடு மாதிரி, எல்லாமே ஒரே செல்லுக்குள் நடக்கும். அளவு, மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு சிட்டிகை மண்ணில் கோடிக்கணக்கில் இருக்கும்.

பியானோவை விட்டு நுண்ணோக்கிக்கு

ராயபுரம் ரயில் நிலையத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பியது. அதே ஆண்டு செப்டம்பரில், ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்த கீவ் நகரில் வினோகிராட்ஸ்கி பிறந்தார். இன்று அது உக்ரைனின் தலைநகர். பணக்காரக் குடும்பம். வயிற்றுக்காகப் படிக்க வேண்டிய அவசியம் இல்லை. அதனாலோ என்னவோ, எதைப் படிப்பது என்று அவருக்கு நீண்ட நாள் பிடிபடவே இல்லை. கீவ் பல்கலைக்கழகத்தில் சட்டத்தில் சேர்ந்தார், சலித்தது. இயற்கை அறிவியலுக்கு மாறினார், அதுவும் ஒட்டவில்லை. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் இசைப்பள்ளிக்குப் போய்ப் பியானோ படித்தார். நன்றாகவே வாசிப்பாராம். அதையும் விட்டுவிட்டு 1877-ல் அந்த நகரப் பல்கலைக்கழகத்தில் மறுபடியும் அறிவியலுக்கு வந்தார். அப்போது வயது 21. நம் வீடுகளில் இதற்குள் பையன் உருப்பட மாட்டான் என்று முடிவு கட்டியிருப்பார்கள்.

இந்த முறை ஒட்டியது. ஃபாமின்ட்சின் என்ற தாவரவியல் பேராசிரியரிடம் செடிகளின் உடலியல் படித்தார். சாராயப் புளிப்பில் மிதக்கும் ஒரு பூஞ்சணத்தை எடுத்துக்கொண்டு, எந்தச் சத்தைக் கொடுத்தால் எப்படி வளர்கிறது என்று பொறுமையாகப் பார்த்தார். 1879-ல் ஸினாய்டா என்பவரை மணந்தார். நான்கு பெண் குழந்தைகள். 1885-ல் குடும்பத்தோடு ஸ்ட்ராஸ்பர்க் போனார். அங்கே இருந்த தெ பாரி, பயிர் நோய்ப் பூஞ்சைகளைப் பற்றிய அறிவியலுக்கே அடித்தளம் போட்டவர். அவருடைய ஆய்வகத்தில்தான் கதை தொடங்குகிறது.

கந்தகம் தின்னும் நூல்

கந்தக ஊற்றுகளிலும் சாக்கடை கலந்த நீர்நிலைகளின் சேற்றின் மேலும் வெள்ளையாக, சிலந்தி வலை போல ஒரு படலம் படியும். பெஜியாட்டோவா என்ற பாக்டீரியா அது. செல்கள் ஒன்றோடொன்று கோத்து நூலாக இருக்கும். நூலுக்குள் முத்து முத்தாகக் கந்தகத் துளிகள். இந்தக் கந்தகத்தை அது எதற்குச் சேர்த்து வைக்கிறது? அது வெளிவிடும் கழிவு என்றார்கள் சிலர். அழுகிய முட்டை வாயுவை உண்டாக்குவதே இதுதான் என்றார்கள் வேறு சிலர்.

வினோகிராட்ஸ்கி செய்தது எளிய வேலை. ஒரு கண்ணாடித் துண்டின் மேல் ஒரு சொட்டு நீரில் சில நூல்களை வைத்து, நுண்ணோக்கியின் கீழேயே வளர்த்தார். நாளுக்குப் பல முறை பழைய நீரை உறிஞ்சி எடுத்துப் புது நீர் விட்டார். ஹைட்ரஜன் சல்பைடு கரைந்த நீர் விட்டால் நூல் முழுக்கக் கந்தகம் நிரம்பியது. வெறும் நீர் விட்டால் ஓரிரு நாளில் துளிகள் கரைந்து காணாமல் போயின. நீரில் சல்பேட் வந்தது. அதன் பிறகும் வாயுவைக் கொடுக்காவிட்டால் நூல் பட்டினியில் செத்தது.

அதாவது அந்த வாயு அதற்குக் கழிவு அல்ல, சாப்பாடு. நாம் சோற்றை எரித்துச் சக்தி எடுப்பது போல, அது கந்தகத்தை எரித்துச் சக்தி எடுக்கிறது. மிச்சமிருக்கும் கந்தகம், குதிரில் கொட்டி வைத்த நெல்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்பீர்கள். அன்றுவரை உலகத்தில் பிழைக்க இரண்டே வழி என்று நினைத்திருந்தார்கள். ஒன்று, செடி போல வெயிலில் சமைத்துக்கொள்வது. இல்லையென்றால், செடி சமைத்ததையோ, அதைத் தின்ற ஆட்டையோ நாம் தின்பது. வெயிலும் வேண்டாம், இன்னொரு உயிரின் உடலும் வேண்டாம், கல்லிலும் வாயுவிலும் இருக்கும் வேதிச் சக்தியை வைத்தே வாழலாம் என்ற மூன்றாவது வழியை 1887-ல் இந்த மனிதர் காட்டினார். அப்போது அவருக்கு 31 வயது.

பின்னாளில் பெஜியாட்டோவா நெல் வேரின் பக்கத்திலும் இருப்பதைக் கண்டார்கள். தண்ணீர் வடியாத வயலில் நெல் வேர் கறுத்து, பிடுங்கினால் முட்டை வாடை அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வாயு வேருக்கு நஞ்சு. அதைத் தின்று குறைக்கும் வேலையில் இந்த நூலுக்கும் பங்கு இருக்கிறது. எண்ணூர்ச் சேற்றில் நான் மூக்கைப் பொத்தியதும், நம் வயலில் வேர் கறுப்பதும் ஒரே வாயுவால்தான்.

ஜூரிச்சில் பிடிபட்ட திருடன்

1888-ல் தெ பாரி இறந்தார். வினோகிராட்ஸ்கி சுவிட்சர்லாந்தின் ஜூரிச்சுக்குப் போனார். அங்கேதான் உங்கள் யூரியா கணக்கு வருகிறது.

சாணம், மூத்திரம், இலை, பிணம் எது மக்கினாலும் முதலில் அமோனியா வருகிறது. பிறகு அது மண்ணில் நைட்ரேட்டாக மாறுகிறது. நம் பாட்டன்களும் மாட்டுக் கொட்டகைத் தரையைச் சுரண்டி வெடியுப்பு எடுத்தார்கள். இந்த மாற்றத்தைச் செய்வது யார்? வெறும் வேதிவினை என்று பல காலம் நினைத்தார்கள். 1877-ல் பிரான்ஸில் ஷ்லோசிங், மியூண்ட்ஸ் என்ற இருவர் நீளக் கண்ணாடிக் குழாயில் மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பி அதில் சாக்கடை நீரை மெதுவாக விட்டார்கள். முதல் சில வாரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அமோனியா போய் நைட்ரேட் வரத் தொடங்கியது. குளோரோஃபார்ம் காட்டினார்கள், நின்றுபோனது. மயக்க மருந்துக்கு மயங்குகிறது என்றால் அது உயிர்தான்.

உயிர் என்று தெரிந்தது. எந்த உயிர் என்று தெரியவில்லை. அந்தக் காலத்தில் பாக்டீரியாவைப் பிரித்தெடுக்க எல்லோரும் ராபர்ட் கோக் காட்டிய வழியில் போனார்கள். இறைச்சிச் சாற்றில் ஜெலட்டின் கலந்து கெட்டியாக்கி, அதன் மேல் மண் கரைசலைத் தேய்த்தால் பாக்டீரியாக்கள் பொட்டுப் பொட்டாக வளரும். பெரிய பெரிய ஆய்வகங்கள் இப்படித் தேடிக்கொண்டிருந்தன. வளர்ந்த எந்தப் பொட்டும் நைட்ரேட் செய்யவில்லை.

வினோகிராட்ஸ்கி வளர்ந்ததை விட்டுவிட்டு, ஜெலட்டினில் எதுவுமே வளராத வெற்று இடத்திலிருந்து எடுத்தார். கந்தகத்தை மட்டும் தின்னும் உயிரைப் பார்த்தவர் அல்லவா? அமோனியாவை மட்டும் தின்று வாழும் உயிர் இருந்தால், இறைச்சிச் சாறு அதற்கு எதற்கு? விருந்துச் சாப்பாடு போட்டுப் பத்தியக்காரரைத் தேடினால் கிடைப்பாரா? வெற்று இடத்திலிருந்து எடுத்ததை அமோனியா உப்பும் சுண்ணாம்பும் மட்டும் கலந்த நீரில் போட்டார். அது வேலை செய்தது. பிறகு மணலின் மூலப்பொருளான சிலிக்காவைக் கொண்டு, துளி கரிமப் பொருளும் இல்லாத ஒரு கண்ணாடிப் பசையைச் செய்து அதன் மேல் தனியாக வளர்த்துக் காட்டினார்.

1890, 1891 ஆண்டுகளில் வந்த அவருடைய கட்டுரைகள் சொன்னது இது. இரண்டு வேலைக்காரர்கள் இருக்கிறார்கள். ஒருவர் அமோனியாவை நைட்ரைட் ஆக்குகிறார். இன்று நைட்ரோசோமோனாஸ் என்கிறோம். அடுத்தவர் அந்த நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்குகிறார், அது நைட்ரோபாக்டர். முதலாமவர் மிச்சம் வைத்ததுதான் இரண்டாமவருக்குச் சோறு. இருவருமே உடம்புக்கு வேண்டிய கரியைக் காற்றில் இருக்கும் கரியமில வாயுவிலிருந்து எடுக்கிறார்கள். அதற்காக எரிக்கும் அமோனியா கொஞ்சநஞ்சமல்ல. ஒரு பங்கு கரியை உடம்பில் சேர்க்கச் சுமார் 35 பங்கு நைட்ரஜனை ஆக்சிஜனோடு சேர்த்து எரிக்கிறார்கள் என்று வினோகிராட்ஸ்கி அளந்து சொன்னார்.

அந்த 35-ஐ மறக்காதீர்கள். உங்கள் பணம் அதில்தான் இருக்கிறது. வயலில் விழுந்த யூரியா சில நாளில் அமோனியம் ஆகிவிடும். அமோனியத்துக்கு நேர் மின்னூட்டம். களிமண் அதைக் காந்தம் போலப் பிடித்து வைக்கும். நைட்ரேட்டுக்கு எதிர் மின்னூட்டம். மண் பிடிக்காது, தண்ணீரோடு போய்விடும். இந்தச் சின்ன உயிர் தான் கொஞ்சம் வளர்வதற்காக, மண் பிடித்து வைத்ததை எல்லாம் பிடி இல்லாததாக மாற்றிவிடுகிறது.

2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது நினைவிருக்கும். கண் எரிந்து, மூச்சு முட்டி, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மக்கள் தெருவில் ஓடினார்கள். நம்மை ஓட வைத்த அதே பொருளைத்தான் மண்ணில் நைட்ரோசோமோனாஸ் உட்கார்ந்து தின்கிறது.

இந்த உயிர் என்னையும் ஒரு முறை ஏமாற்றியது. முனைவர் பட்ட ஆய்வுக்காகப் பொன்னேரிப் பக்கம் ஒரு விவசாயியின் நிலத்தில் ஒரு பருவம் முழுக்க உழைத்து, அறுவடைக்குப் பிறகு 96 பாலிதீன் பைகளில் மண் எடுத்து வந்தேன். வெள்ளிக்கிழமை மாலை. குளிர்பெட்டியில் வைக்காமல் மேசை மேலேயே வைத்துவிட்டுத் திருவொற்றியூர் வீட்டுக்குப் போய்விட்டேன். திங்கட்கிழமை பரிசோதித்தால் அமோனியம் ஏறக்குறைய இல்லை. நைட்ரேட் ஏறிக் கிடந்தது. பைக்குள் இருந்த பாக்டீரியா சனி, ஞாயிறு விடுமுறை எடுக்கவில்லை. ஒரு பருவத்து எண்கள் குப்பைக்குப் போயின. தவறு முழுக்க என்னுடையது. அன்றைக்கு வினோகிராட்ஸ்கி மேல் எனக்கு வந்த மரியாதை எந்தப் பாடப்புத்தகத்தாலும் வரவில்லை.

காற்றைப் பிடித்த உயிர்

ஜூரிச் வேலைக்குப் பிறகு பாரிஸிலிருந்து பாஸ்டர் நிறுவனம் அழைத்தது. போகவில்லை. சொந்த நாட்டுக்குத் திரும்பி, 1891-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பரிசோதனை மருத்துவ நிறுவனத்தில் நுண்ணுயிரியல் பிரிவுக்குத் தலைவரானார். காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். அதை நேரடியாகப் பிடிக்கும் உயிர் மண்ணில் தனியாக இருக்கிறதா என்று தேடினார். பயறு வகைகளின் வேர் முடிச்சில் ஒரு பாக்டீரியா இந்த வேலையைச் செய்வது 1888 வாக்கில் தெரிந்துவிட்டது. செடியின் துணை இல்லாமல் செய்ய முடியுமா என்பதுதான் அவருடைய கேள்வி.

சர்க்கரை கலந்த நீரில், நைட்ரஜன் உப்பு எதுவும் சேர்க்காமல் மண்ணைப் போட்டார். மற்ற உயிர்கள் பட்டினியில் ஒதுங்க, ஒன்று மட்டும் வளர்ந்தது. 1893-ல் அறிவித்தார். காற்று பட்டால் செத்துவிடும் உயிர் அது, ஆனால் காற்றிலிருந்துதான் நைட்ரஜன் எடுக்கிறது. கூடவே இருக்கும் வேறு பாக்டீரியாக்கள் ஆக்சிஜனைத் தின்று தீர்த்து இதற்குக் காவல் நிற்கின்றன. பாஸ்டரின் பெயரைச் சேர்த்து கிளாஸ்ட்ரிடியம் பாஸ்டூரியானம் என்று அதற்குப் பெயர் வைத்தார்.

மணலியில் இருக்கும் மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் ஆலையைப் பார்த்திருப்பீர்கள். 1966-ல் தொடங்கி, 1971-ல் உற்பத்திக்கு வந்தது. உங்கள் வயலுக்கு வந்த விஜய் யூரியா அங்கே பிறந்தது. காற்றின் நைட்ரஜனைப் பிடிக்க அங்கே 400 டிகிரிக்கு மேல் வெப்பமும், நூறு மடங்குக்கு மேல் காற்றழுத்தமும் வேண்டும். 2019 முதல் அதற்கான எரிவாயு, எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் கப்பலில் வந்து இறங்குகிறது. இவ்வளவும் செய்து கிடைக்கிற அமோனியாவை, ஒரு சின்ன உயிர் சேற்றுக்குள் சாதாரண வெப்பத்தில் சத்தமில்லாமல் செய்கிறது. ஜெர்மனியில் முதல் அமோனியா ஆலை 1913-ல் ஓடத் தொடங்கியது. வினோகிராட்ஸ்கியின் கண்டுபிடிப்பு அதற்கு 20 ஆண்டு முந்தியது. அதே மணலி நிறுவனம் இன்று பாக்டீரியா உயிர் உரமும் தயாரிக்கிறது என்பது கூடுதல் செய்தி.

அதற்காக யூரியாவைத் தூக்கி எறியுங்கள் என்று சொல்லவில்லை. தனியாக வாழும் பாக்டீரியா பிடித்துத் தரும் தழைச்சத்து ஒரு நல்ல நெல் மகசூலுக்குப் போதாது. அசோஸ்பைரில்லம் பொட்டலம் போட்டால் யூரியாவே வேண்டாம் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். அது ஒரு பகுதியைத்தான் ஈடு கட்டும்.

பதினேழு ஆண்டு மௌனம்

1902-ல் நிறுவனத்தின் இயக்குநர் ஆனார். சிறுநீரகக் கோளாறு படுத்தியது. நிர்வாக வேலை பிடிக்கவில்லை. 1905-ல், 49 வயதில், எல்லாவற்றையும் விட்டுவிட்டு உக்ரைன் பகுதியில் கொரோடோக் என்ற ஊரில் இருந்த குடும்பப் பண்ணைக்குப் போய்விட்டார். விவசாயமும் காடு வளர்ப்புமாக இருந்தார். நுண்ணோக்கியைத் தொடவில்லை. உலகத்து ஆய்வகங்கள் அவருடைய முறையில் புதுப் புது பாக்டீரியாக்களைப் பிடித்துக்கொண்டிருந்தன. ஹாலந்தில் பேயரிங்க் 1901-லேயே அசோட்டோபாக்டரைப் பிரித்தெடுத்துவிட்டார். வினோகிராட்ஸ்கியைப் பற்றிப் பேச்சே இல்லை. இறந்துவிட்டார் என்று நினைத்தவர்களும் உண்டு.

1917-ல் புரட்சி வந்தது. பண்ணை போனது, சொத்து போனது. உள்நாட்டுப் போருக்கு நடுவே ஒடெசா துறைமுகம் வழியாக நாட்டை விட்டு வெளியேறினார். அறுபதைத் தாண்டிய வயது. பணக்காரராகப் பிறந்து, கையில் ஒன்றும் இல்லாத அகதியானார். பெல்கிரேடில் ஒரு பேராசிரியர் வேலை கிடைத்தது. ஆய்வகமும் இல்லை, கருவிகளும் இல்லை. நூலகத்தில் உட்கார்ந்து, தான் இல்லாத 17 ஆண்டுகளில் என்ன நடந்தது என்று படித்தார். 1922-ல் பாஸ்டர் நிறுவனத்தின் எமில் ரூவிடமிருந்து மறுபடி அழைப்பு வந்தது. முப்பது ஆண்டுக்கு முன் வேண்டாம் என்று சொன்ன இடம். இந்த முறை போனார், 66 வயதில்.

பாரிஸுக்குத் தென்கிழக்கே பிரி-கோம்ட்-ரோபேர் என்ற சிற்றூரில் தோட்டத்தோடு ஒரு வீடும் ஆய்வகமும் கொடுத்தார்கள். பெரும்பாலும் தனியாக, பின்பு மகள் எலேனின் துணையோடு, அடுத்த 18 ஆண்டு மண்ணைப் பார்த்தார். அங்கே அவர் சொன்னது, பல ஆய்வாளர்களுக்குப் பிடிக்காத செய்தி. கண்ணாடிக் குடுவையில் சத்தான சாறு கொடுத்து வளர்த்த பாக்டீரியா, கூண்டில் தீனி போட்டு வளர்த்த பறவை மாதிரி; அதை வைத்துக் காட்டைப் பற்றிப் பேசக் கூடாது என்றார். மண்ணை மண்ணாகவே பார்க்க வேண்டும். மண்ணில் இரண்டு கூட்டம் இருக்கிறது என்று கண்டார். மக்கிய பொருளை மெதுவாகத் தின்று எப்போதும் ஒரே அளவில் இருக்கும் ஊர்க்காரக் கூட்டம் ஒன்று. சாணமோ தழையோ விழுந்தவுடன் திருவிழாக் கூட்டம் போலப் பெருகி, தீனி தீர்ந்ததும் அடங்கும் கூட்டம் இன்னொன்று.

ஒரு மண் பரிசோதனையும் சொல்லிக் கொடுத்தார். மண்ணோடு மாவுச்சத்துக் கலந்து, பிசைந்து, தட்டில் வழுவழுப்பாகத் தட்டி வைப்பார். சில நாளில் அசோட்டோபாக்டர் பளபளப்பான பொட்டுகளாக முளைக்கும். பொட்டு குறைந்தால் மணிச்சத்தோ சாம்பல் சத்தோ சுண்ணாம்போ குறைவு. எதைச் சேர்த்தால் பொட்டு பெருகுகிறதோ அதுதான் அந்த மண்ணுக்குப் பசி. நெல்லுக்கு முன் பாக்டீரியாவைக் கேட்டுத் தெரிந்துகொள்வது. இன்று வேறு முறைகள் வந்துவிட்டன. ஆனாலும் மண்ணின் பசியை மண்ணையே கேட்கும் அந்த எண்ணம் எனக்குப் பிடிக்கும்.

1939-ல் மனைவி இறந்தார். 1940-ல் ஜெர்மானியப் படை பிரான்ஸுக்குள் வந்தது. அந்தத் தனிமையிலும் தட்டுப்பாட்டிலும் உட்கார்ந்து, ஐம்பது ஆண்டு ஆய்வுக் கட்டுரைகளைத் தொகுத்தார். மண் நுண்ணுயிரியல் என்ற அந்தத் தடித்த பிரெஞ்சு நூல் 1949-ல் வந்தபோது அவருக்கு 93 வயது ஆகிக்கொண்டிருந்தது. 1953 பிப்ரவரியில் அதே சிற்றூரில் 96 வயதில் இறந்தார். நோபல் பரிசு வரவில்லை. அவருடைய வாழ்க்கையை முழு நூலாக எழுதியவர், மண்ணிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசின் கண்டதற்காக நோபல் பெற்ற செல்மன் வாக்ஸ்மன்.

உங்கள் வயலில் அவர்

நெல் வயலில் தண்ணீர் கட்டியதும் சேறு இரண்டு அடுக்காகப் பிரியும். மேலே சில மில்லிமீட்டர் மட்டும் காற்று இறங்கும் பழுப்பு அடுக்கு. அதற்குக் கீழே காற்றில்லாத, சாம்பலும் கறுப்புமான அடுக்கு. மேலே தெளித்த யூரியா பழுப்பு அடுக்கில் நைட்ரேட் ஆகிறது. அது கீழே இறங்கியதும், ஆக்சிஜனுக்குத் தவிக்கும் வேறு பாக்டீரியாக்கள் நைட்ரேட்டில் இருக்கும் ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு நைட்ரஜனை வாயுவாக வெளியே விட்டுவிடுகின்றன. இன்னொரு பக்கம், நிற்கும் தண்ணீரில் கரைந்தது வெயில் நேரத்தில் அமோனியாவாகக் காற்றில் போகிறது. நெல்லுக்குப் போய்ச் சேருவது 30 முதல் 40 சதவீதம். 266 ரூபாய்க்கு வாங்கும் 45 கிலோ மூட்டையில் பாதிக்கு மேல் உங்களுடையது அல்ல.

பயிர் மஞ்சளாக இருக்கிறது, இன்னொரு மூட்டை போடட்டுமா என்று வாராவாரம் யாராவது தொலைபேசியில் கேட்கிறார்கள். மூட்டையைக் கூட்டுவதற்கு முன் தண்ணீரைப் பாருங்கள் என்பேன். முழங்கால் தண்ணீரில் யூரியா வீசாதீர்கள். தண்ணீரை வடித்து, சேறும் மெழுகுமாக இருக்கும்போது இட்டு, ஒரு நாள் விட்டு மறுபடி தண்ணீர் கட்டுங்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் 5 பங்கு யூரியா, 4 பங்கு ஜிப்சம், 1 பங்கு வேப்பம் புண்ணாக்குக் கலவை இன்றும் நல்ல முறை. புண்ணாக்கைத் தூளாக்கி யூரியாவோடு முதல் நாள் இரவே கலந்து வையுங்கள். ஜிப்சத்தை இடும்போது சேருங்கள். வேம்பு செய்வது வேறொன்றும் இல்லை. வினோகிராட்ஸ்கி பிடித்த முதல் வேலைக்காரரான நைட்ரோசோமோனாஸைச் சில நாள் மந்தமாக்குகிறது. 2015 முதல் நாட்டில் எல்லா யூரியாவுக்கும் வேப்பெண்ணெய் பூசச் சொன்னதற்கும் இதுவே முக்கியக் காரணம்.

காய்ச்சலும் பாய்ச்சலுமாக நெல் செய்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். வயல் காயும் ஒவ்வொரு முறையும் அமோனியம் நைட்ரேட் ஆகும். அடுத்த பாய்ச்சலில் அது போய்விடும். எனவே யூரியா இட்டவுடன் காயப் போடாதீர்கள். சில நாள் நீர் நிற்கட்டும், பயிர் எடுத்துக்கொள்ளட்டும். மக்காச்சோளம், பருத்தி, காய்கறி செய்பவர்களுக்குக் கதை வேறு. அந்தப் பயிர்கள் நைட்ரேட்டை விரும்பி எடுப்பவை. அங்கே இந்தப் பாக்டீரியா திருடன் அல்ல, சமையல்காரன். தவணை தவணையாகக் கொஞ்சம் கொஞ்சமாக இட்டால் போதும்.

கொடுங்கையூர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் நகரத்துக் கழிவுநீருக்குக் காற்றூதுகிறார்கள். அழுக்கைத் தின்பது அங்கேயும் பாக்டீரியாக்கள்தான். அங்கே மேலும் வடிகட்டிய நீர் குழாயில் மணலித் தொழிற்சாலைகளுக்குப் போகிறது.

கடைசியாக, வீட்டில் செய்து பார்க்க ஒன்று. வினோகிராட்ஸ்கியின் பெயரிலேயே வழங்கும் கண்ணாடிச் சாடி. உயரமான ஊறுகாய்ச் சாடி போதும். உங்கள் ஊர்க் குளத்தின் கறுப்புச் சேற்றை எடுங்கள். அதில் ஒரு கைப்பிடி ஜிப்சம், கிழித்த செய்தித்தாள், ஒரு முட்டையின் மஞ்சள் கரு கலந்து சாடியில் முக்கால் பாகம் நிரப்புங்கள். மேலே குளத்து நீர் ஊற்றி, வாயைத் தளர்வாக மூடி, ஜன்னலோரம் வெளிச்சத்தில் வையுங்கள். நேர் வெயில் வேண்டாம். முதல் இரண்டு வாரம் வாடைக்கு வீட்டில் திட்டு விழும். ஆறு முதல் எட்டு வாரத்தில் சேறு தானாகவே அடுக்குகளாகப் பிரியும். அடியில் கறுப்பு, அதன் மேல் பச்சை, பிறகு கத்தரிப்பூ ஊதா, துரு நிறம், உச்சியில் பாசி. ஒவ்வொரு நிறமும் ஒரு கூட்டம். ஒன்றின் கழிவு அடுத்ததற்குச் சாப்பாடு.

எங்கள் வீட்டுச் சாடியில் இருப்பது எண்ணூர்ச் சேறு. இது மூன்றாம் மாதம். கறுப்பு அடுக்குக்கும் பச்சைக்கும் மேலே, கண்ணாடியை ஒட்டி இப்போது ஊதா படர ஆரம்பித்திருக்கிறது.